காலையில் மட்டும் தொலைந்த சீட்டுகள்

ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், மாடிப்படி முடிகிற இடத்தில் ஓர் அறை இருக்கிறது. இப்போது அதில் சக்கரம் கழன்ற நாற்காலிகளும் கால் உடைந்த கட்டில்களும் அடைந்து கிடக்கின்றன. சாமான் அறைக்காரர் அதைக் காலி செய்துகொண்டிருந்தபோது அலமாரிக்குப் பின்னால் ஒரு நீளமான ஏடு கிடைத்தது. அட்டை பிய்ந்திருந்தது. முதல் பக்கத்தில் இருந்த கையெழுத்தை யாரோ அடையாளம் சொல்லியிருக்க வேண்டும், நேராகப் பதிவேட்டுப் பிரிவுக்கே எடுத்துவந்து, அங்கே வேலை பார்க்கும் அவள் மேசைமேல் வைத்தார்.

"இது உங்களுதாம்மா? வேணுமா, எடைக்குப் போட்டுடவா?"

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். முதல் வரி: 7431, லேப் முடிவுச் சீட்டு. இரண்டாம் வரி: 7432, ஊசி அறை டோக்கன். அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்திருந்தாள். பேனா அழுத்தமாக ஓடியிருந்தது. அழுத்தினதற்குக் காரணம் இருந்தது.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

*

அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அப்பா தையல்காரர், அம்மா வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுப்பவள். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. அதனால் தெருவில் அவளுக்குப் பெயர் போய்ப் பட்டம் நின்றது. அப்பாவின் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் "என்ன, பட்டதாரி வீட்ல இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். பாதி கேலி, பாதி பெருமை. கேலி எங்கே முடிகிறது, பெருமை எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே பிடிபட்டதில்லை. ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசல் காவலரிடம் "நம்ம பட்டதாரி, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். பீரோ அளவு இருக்கும். அதற்கு மட்டும் அந்தக் கட்டடத்தில் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள், அறுவை அறைக்கு அடுத்தபடியாக. அந்தப் பீரோவிலிருந்து கம்பிகள் புறப்பட்டு, பதிவு கவுன்ட்டர், லேப், மருந்துக் கடை, கணக்குப் பிரிவு என்று பன்னிரண்டு திரைகளுக்குப் போகும். பச்சை எழுத்துத் திரைகள். திரைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த மெஷின் தனக்கே தனக்கு என்று நினைப்பு. உள்ளே எல்லாம் ஒரே வீட்டுக் கூட்டுக்குடித்தனம்.

அந்தப் பீரோ இருந்தது மாடிப்படி முடிகிற இடத்து அறையில்தான். அங்கே அவளையும் சேர்த்து வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். மற்றவன் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். அவளைவிட நான்கு வயது மூத்தவன், நாக்கு நாற்பது வயது மூத்தது. இருவருக்கும் முன்னால் அங்கே இருந்தவரை ஸ்கூட்டர் சார் என்பார்கள். மெஷின் வந்த புதிதில் முதல் புரோகிராம்களை எழுதியவர் அவர்தான். வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது ஒரு நோட்டை விட்டுப்போனார். புதிதாக எதை எழுதினாலும் அந்த நோட்டின் முதல் பக்கத்தை அப்படியே மேலே எழுதிக்கொண்டு, அதற்குக் கீழே தங்கள் வேலையைத் தொடங்க வேண்டும். அது அந்த அறையின் வழக்கம். அந்த முதல் பக்கம் என்ன செய்கிறது என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"ஓடுற வண்டியோட பானெட்டைத் திறந்து பாக்கக் கூடாது தங்கச்சி. அப்புறம் அது ஓடாது" என்றான் சுருட்டை.

அவள் திறந்து பார்க்கவில்லை. கல்லூரியிலும் இப்படித்தான். புரியாததைக் கேட்டால், வீட்டில் படித்தவர்கள் யாரும் இல்லை என்பது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று ஒரு பயம். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வாள். இதற்கு உடைத்துக்கொள்ளவும் நேரம் இல்லை. ஊசி அறைக்கு அவளை ஒரு புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் ஊசி அறை. முப்பது பேர் வருவார்கள். பதிவு கவுன்ட்டரில் எண் கொடுத்தால், ஊசி அறை வாசலில் உள்ள திரையில் அந்த எண் ஒளிர வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது அவள் தனியாகச் செய்த முதல் வேலை. திரையில் முதல் எண் ஒளிர்ந்தபோது, பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் எழுந்து உள்ளே போனார். ஏதோ தன் கையைப் பிடித்து அவரை நடத்திக் கூட்டிப்போன மாதிரி அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அதில் அவள் தன் கைப்பட ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தாள்: வந்தது எண்ணாக இல்லாவிட்டால், சத்தம் போடாமல் தூக்கிப் போட்டுவிடு. குப்பை வந்தாலும் புரோகிராம் நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்பதற்காக. சுருட்டைகூட "பரவால்லியே" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய சொல்.

அதற்கு மூன்றாம் வாரம்தான் சீட்டுகள் தொலைய ஆரம்பித்தன.

லேபில் ரத்தப் பரிசோதனை முடிந்ததும் அங்கிருப்பவர் முடிவைத் திரையில் அடிப்பார். அது மாடிப்படி ஓரத்தில் இருந்த பிரிண்டரில் சீட்டாக வரும். சீட்டைக் கிழித்து எந்த வார்டோ அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது ஒருவர் வேலை. ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. லிப்ட் இருந்தும் ஏற மாட்டார், எல்லாம் நடைதான். நடையண்ணன் என்றால்தான் யாருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக அங்கே இருந்தாலும் அவர் தற்காலிகம். நாளை வராதே என்றால் வரக்கூடாது.

பெரும்பாலான முடிவுகள் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். காலையில் அவசரச் சீட்டுகள் மட்டும், பத்துப் பன்னிரண்டு. அதில் பாதி வார்டுக்கு வந்து சேரவில்லை. லேப்காரர் அடித்துவிட்டேன் என்றார். தலைமை நர்ஸ் வரவில்லை என்றாள். மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது, நோயாளிகள் ஏசினார்கள். நடுவில் இருந்தவர் நடையண்ணன் ஒருவர்தான். மத்தியானச் சீட்டு ஒன்றுகூடத் தொலையவில்லை, காலைச் சீட்டு மட்டும் தொலைகிறது என்றதும் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் டீக்கடைக்குப் போகிறார், போகிற வழியில் போட்டுவிடுகிறார், வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்களே, அது அப்போது மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நடையண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வந்த சீட்டை எல்லாம் கொடுத்தேன், வராததை எங்கிருந்து கொடுப்பேன். நிர்வாகி அவருக்கு மெமோ கொடுத்தார். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று, மெஷினில் குறை உண்டா என்று பார்த்து எழுதித் தரும்படி கம்ப்யூட்டர் அறைக்கும் ஒரு தாள் அனுப்பினார்.

பார்த்தார்கள். பிரிண்டர் கம்பியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். பழசானதைக் கூட்டித் தள்ள வாரம் ஒருமுறை ஓடும் துப்புரவுப் புரோகிராம் ஒன்று உண்டு, துடைப்பம் என்று சுருட்டை பெயர் வைத்திருந்தான். அது சீட்டையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறதோ என்று சந்தேகப்பட்டு ஒரு வாரம் அதை நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் தொலைந்தது. கடைசியில் லேப் திரையிலிருந்து ஐம்பது பொய்ச் சீட்டு அடித்து அனுப்பினார்கள். ஐம்பதும் வந்தது. எண்ணிப் பார்த்து, மறுபடியும் எண்ணிப் பார்த்து, "இயந்திரத்தில் குறை ஏதும் இல்லை" என்று எழுதினார்கள். பட்டதாரிதானே நீ, நல்லா எழுதுவே என்று சுருட்டை தாளை அவள் பக்கம் தள்ளினான். அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

காலையில் மெஷினுக்கு வேலை அதிகம், தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்தச் சோதனையை அவர்கள் மத்தியானம் மூன்று மணிக்குச் செய்திருந்தார்கள்.

சனிக்கிழமையோடு நடையண்ணனை நிறுத்துவதாக முடிவானது. அதற்கு அடுத்த புதன்கிழமை அவளுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. கடையில் அப்பா அளவு எடுக்கும்போதெல்லாம், டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த வாரத்துலேர்ந்து நிரந்தரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டை தைக்க வந்தவர்களுக்கு மட்டுமல்ல, பட்டன் வாங்க வந்தவர்களுக்கும்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவள் மாடிப்படியில் ஏறி வந்தாள். பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நடையண்ணன் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் மகள் கண்ணில் முதலில் பட்டது தையல்தான். கோணல் மாணலாக, ஒரு விரல் அளவுக்கு ஒரு தையல்.

"குடுங்கண்ணே, நான் போட்டுத் தரேன்" என்று கை நீட்டினாள்.

அவர் கூச்சத்தோடு கொடுத்தார். பிரிண்டர் தாள்களை மடித்துத் தைத்த நோட்டு. ஆறாவது படிக்கிற மகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க. "வீணாப் போற தாளும்மா, திருடல. கொஞ்ச நாளா இந்த மிஷினு காலையில சும்மா சும்மா வெள்ளைத் தாளா துப்புது. குப்பையில போடறதுக்கு…" என்று விளக்கம் சொன்னார். மெமோ வாங்கிய மனிதர், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லப் பழகியிருந்தார்.

அவள் ஊசியைக் கோத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள். பென்சிலில் பெருக்கல் வகுத்தல். அடித்து எழுதியிருந்தது. ஒரு மூலையில் பூனை. தாள் முழு வெள்ளை இல்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் எண் மட்டும் அச்சாகியிருந்தது. 3. அடுத்ததில் 4. அப்புறம் 7. அப்புறம் 9, 10, 13.

கை நின்றது. அந்த எண்கள் அவளுக்குத் தெரிந்தவை. அவள் பெற்றெடுத்த எண்கள். ஊசி அறை டோக்கன்.

போன வாரம் ஊசி அறை நர்ஸ் அவளிடம் ஒரு குறை சொல்லியிருந்தாள். உன் திரை பாதிப் பேரைத்தாம்மா கூப்பிடுது, மீதிப் பேரை நானே வாசல்ல நின்னு கூவறேன் என்று. பதிவு கவுன்ட்டரில் இருக்கிறவர் பட்டனை அழுத்த மறந்துவிடுகிறார் போலிருக்கிறது என்று அவள் பதில் சொல்லியிருந்தாள். யோசிக்காமல், சட்டென்று. எண்ணங்களைச் சல்லடை போட்டுச் சலிக்கிறவள் என்று தன்னைப் பற்றி நினைத்திருந்தவள், ஓர் ஆள்மேல் பழியைத் தூக்கிப் போட எத்தனை நொடி எடுத்துக்கொண்டாள்?

அறைக்குப் போனாள். ஸ்கூட்டர் சாரின் நோட்டை எடுத்து முதல் பக்கத்தை முதல் தடவையாக வாசித்தாள். மெஷினுக்குள் ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால் நேராகக் கொடுக்க முடியாது. ஒரு தபால் பெட்டி வைத்து, அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒருவர் பெட்டியில் போடுவார், மற்றவர் எடுப்பார். முதல் பக்கம் செய்தது அதைத்தான். அவர் பெட்டிக்கு வைத்த எண் 7431. அவர் ஸ்கூட்டரின் நம்பர். லேப் சீட்டுக்காக வைத்த பெட்டி அது. அவள் கண்ணை மூடிக்கொண்டு எழுதியதில் அந்த எண்ணும் சேர்ந்தே வந்துவிட்டது.

மெஷினில் உள்ள பெட்டிகளைப் பட்டியல் போடச் சொன்னாள். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. லேப்காரரும் பதிவு கவுன்ட்டரும் ஒரே பெட்டியில் போடுகிறார்கள். பிரிண்டரும் ஊசி அறையும் ஒரே பெட்டியில் கை விடுகிறார்கள், முறை வைத்து, உனக்கொன்று எனக்கொன்று என்று. எல்லாப் புரோகிராமும் வசதிக்காக ஒரே பாஸ்வேர்டில் ஓடியதால், இது யார் வீட்டுப் பெட்டி என்று மெஷினும் கேட்கவில்லை. டோக்கன் பிரிண்டர் கையில் சிக்கினால், எண் மட்டும் அச்சான வெள்ளைத் தாள். சீட்டு ஊசி அறை கையில் சிக்கினால், அது எண் இல்லையே. சத்தம் போடாமல் தூக்கிப் போட்டுவிடும். அவள் கைப்படச் சேர்த்த வரி. ஊசி அறை மத்தியானம் இல்லை, அந்தப் புரோகிராமும் அப்போது ஓடாது. அதனால் மத்தியானம் எந்தச் சீட்டும் தொலையவில்லை.

தன் புரோகிராமில் எண்ணின் கடைசி ஒன்றை இரண்டாக்கினாள். 7432. புரோகிராமை நிறுத்தி, மறுபடி ஓட விட்டாள். ஐந்து நிமிஷ வேலை. சுருட்டை மருந்துக் கடையில் ஏதோ கம்பி பார்க்கப் போயிருந்தான். யாருக்கும் தெரியாது. யாருக்கும் சொல்லவும் வேண்டாமே, இனிமேல் சீட்டு ஒழுங்காக வரும், நடையண்ணனையும் விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் பாதியை நம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு சீட்டு, பதினொன்றும் வார்டுக்கு வந்தது. வராந்தாவில் நிர்வாகி தலைமை நர்ஸிடம் சொல்லிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது. "பாத்தீங்களா? நாளையோட நிறுத்தறோம்னதும் சீட்டு தானா வந்து சேருது. அப்ப இத்தனை நாள் வேணும்னேதான் பண்ணியிருக்கான். இவனை வெச்சுக்கவே கூடாது."

அவள் சரிசெய்ததே அவருக்கு எதிரான சாட்சியாகப் போய் நின்றுவிட்டது.

சுருட்டையிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு எழுந்து கதவைச் சாத்தினான். "பேசாம இரு. புதன்கிழமை தாள் கைக்கு வரட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"அவரை நாளைக்கு அனுப்பிடுவாங்க."

"அவருக்கு இது பதினோரு வருஷமா தற்காலிகம் தங்கச்சி. உனக்கு இது முதல் வேலை. உங்கப்பா பட்டன் வாங்க வர்றவன்கிட்டகூடச் சொல்லிட்டாரு."

அவன் கெட்டவன் இல்லை. அவள்மேல் அக்கறையோடுதான் சொன்னான். அதுதான் அன்று மாலை முழுக்க அவளை அரித்தது. வீட்டில் அம்மா காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா, புதன்கிழமை போட்டுக்கொள்ளச் சொல்லி, புதுத் துணியில் அவளுக்கு ஒரு ரவிக்கை வெட்டி வைத்திருந்தார். படித்தால் நிமிர்ந்து நிற்கலாம் என்றுதான் படிக்க வைத்தார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு குனிந்தால்தான் அந்தப் படிப்புக்கு மரியாதை நிலைக்கும் போலிருந்தது. இது என்ன கணக்கு என்று அவளுக்குப் புரியவில்லை. சோற்றை மென்று விழுங்கினாள், சொல்ல வந்ததையும் சேர்த்து.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் நிர்வாகி அறைக்குப் போனபோது நடையண்ணன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். மேசைமேல் அவரை நிறுத்தும் தாள், பக்கத்தில் பேனா. அவள் போகிற வழியில் பிரிண்டர் ஸ்டூலிலிருந்து அந்தக் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. தாள் திருடினதையும் சேர்த்துச் சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

சீட்டைத் தொலைத்தது அண்ணன் இல்லை, என் புரோகிராம் என்றாள். பெட்டி, எண், முறை வைத்து எடுப்பது எல்லாவற்றையும் சொன்னாள். நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மெஷின்ல குறை இல்லைன்னு நீதானே கையெழுத்துப் போட்டே?"

"ஆமா சார்."

"அப்ப அது பொய்யா, இது பொய்யா?"

"ரெண்டும் பொய் இல்ல சார். மத்தியானம் குறை இல்ல. காலையில இருக்கு. நாங்க மத்தியானம்தான் பாத்தோம்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏழைக்கு இரங்கி ஒரு பெண் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. சொன்னால் போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு கால்மணி நேரம் கேட்டாள். எண்ணை மறுபடி 7431 ஆக்கினாள். பதிவு கவுன்ட்டரிலிருந்து பத்துப் பொய் எண்ணும், லேபிலிருந்து பத்துப் பொய்ச் சீட்டும் முன்பின்னாகக் கலந்து அனுப்பச் சொல்லிவிட்டு வந்து நின்றாள். லேப் திரையில் போய் உட்கார்ந்து சீட்டு அடித்தவன் சுருட்டைதான்.

பிரிண்டரில் வந்ததை எடுத்துவர நிர்வாகி நடையண்ணனையே அனுப்பினார், பின்னாலேயே தலைமை நர்ஸையும் அனுப்பினார். இருவரும் திரும்பி வந்தார்கள். நடையண்ணன் தாள்களை மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். பத்துத் தாள். ஐந்தில் சீட்டு. மற்ற ஐந்தில் எண் மட்டும், மற்றபடி வெள்ளை.

"வழியில ஒண்ணும் விழல" என்றாள் தலைமை நர்ஸ். "நான் பக்கத்துலயே வந்தேன்."

நிர்வாகி பேனாவை எடுத்து மூடிபோட்டுச் சட்டைப் பையில் செருகினார். நடையண்ணனுக்கு நேரே இருந்த தாளை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. "நீ போய் வேலையைப் பாருப்பா" என்றார். நடையண்ணன் போனார். போகும்போது தன் மகளின் நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அவளுக்குத் தாள் வந்தது. தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. காரணம்: கவனக்குறைவு. கூடவே ஓர் உத்தரவு, இனிமேல் மெஷினில் வைக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணை ஓர் ஏட்டில் பதிந்து, அதற்கு முன் வேறு யாரும் அதை எடுத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே ஓட விட வேண்டும். ஏட்டை அவளே வாங்கி வந்து, அவளே கோடு போட்டாள்.

அன்று மாலை நேராகக் கடைக்குப் போனாள். வீட்டுக்குப் போனால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம். அப்பா ஒரு கால்சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கடையைப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்ட இன்னொரு தையல்காரர் எதிர் மெஷினில் இருந்தார். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்பா பிரித்த நூலைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "இதுக்கா இவ்வளவு படிச்சே? இதே தப்பை நாங்க எட்டாங்கிளாஸ் படிச்சுட்டே பண்ணினோமே." கடை தொடங்கின புதிதில் அவரும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, துணி மூட்டைகளுக்கு ஆளுக்கொரு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார்களாம். ஒரே அலமாரி. ஒரு மாப்பிள்ளைக்குப் போக வேண்டிய கால்சட்டை ஒரு பள்ளிக்கூட டிரில் வாத்தியாருக்குப் போய், அவருடைய அரைக்கால்சட்டை மாப்பிள்ளைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை முழங்கால் தெரியக் கல்யாணம் பண்ணிக்கொண்டாராம்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு அடக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி. தெருவுக்கு நான் என்ன சொல்றது?" என்றார்.

அவள் குனிந்து தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள்.

"இன்னும் ஆறு மாசம் படிப்பு பாக்கி இருக்குன்னு சொல்லிடறேன்" என்று மறுபடி கால்சட்டைக்குக் குனிந்தார். ரவிக்கையை அவள் மறுநாளே போட்டுக்கொண்டு போனாள்.

நடையண்ணன் மட்டும் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போவார். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. காப்பாற்றினாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். முதலில் தள்ளிவிட்டவள் யார் என்று அவருக்கும் அவளுக்கும் தெரியும். மூன்றாம் வாரம் ஒரு நாள் காலை, கம்ப்யூட்டர் அறைக் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, அந்தத் தப்பை முழுசாவா சரி பண்ணிட்டே?"

அவள் பதறி எழுந்தாள். மறுபடியும் சீட்டு தொலைகிறதா என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒழுங்கா வருது. வெள்ளைத் தாள்தான் நின்னுபோச்சு. புள்ளைக்குப் பரீட்சை வருது, கணக்குப் போடத் தாள் இல்ல."

சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. உதட்டோரம் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. அன்றிலிருந்து ஒருபக்கம் மட்டும் அச்சாகி வீணாகும் தாளை எல்லாம் அவள் ஒரு மேசை இழுப்பறையில் சேர்த்து வைத்தாள். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் மடித்துத் தைத்து எடுத்துவந்து கொடுத்தாள். சின்னச் சின்னத் தையல், தையல்காரர் மகள் தையல். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பிரியாது" என்பார். அந்த அறையில் அவளுக்குக் கிடைத்த பாராட்டுகளில் இன்றுவரை நினைவிருப்பது அதுதான்.

ஆறு மாதம் கழித்து நிரந்தரமானாள். பெரிய மெஷின் பிறகு போய்விட்டது. ஆளுக்கொரு மெஷின் மேசைமேல் வந்தது, அறையை மூடினார்கள். சுருட்டை வேறு வேலைக்குப் போனான். நடையண்ணன் கடைசிவரை தற்காலிகமாகவே இருந்து, கால் வலி வந்ததும் நின்றுகொண்டார். கடைசி நாள்கூட லிப்டில் ஏறவில்லை. படியில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனதை அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

சாமான் அறைக்காரர் மத்தியானம் மறுபடியும் வந்தார். ஏட்டில் எழுதியிருந்தது மூன்று பக்கம். கடைசி எண் 7468. அதற்கப்புறம் தடிமனாக வெறும் தாள், ஓரம் மட்டும் பழுத்திருந்தது.

"என்னம்மா முடிவு பண்ணீங்க? எடைக்குத்தானே?"

அவள் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து ஏட்டின் முதுகுத் தையலை மெதுவாகப் பிரித்தாள். எழுதிய பக்கங்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மீதியைத் தட்டி அடுக்கி அவரிடம் நீட்டினாள்.

"உங்க வீட்ல கணக்குப் போடற புள்ளைங்க யாராவது இருக்காங்களா?"

"தங்கச்சி பொண்ணு இருக்கா. ஏம்மா?"

"அப்ப இதை எடைக்குப் போடாதீங்க" என்றாள். "இருங்க, தச்சே தந்துடறேன்."